பழைய தோட்ட டிராக்டரை வீட்டிலேயே சீர்செய்வது: அமெரிக்காவில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பென்சில்வேனியாவில் நாங்கள் வாங்கிய வீட்டோடு முக்கால் ஏக்கர் புல்வெளியும் வந்தது. புல் வெட்டப் புது வண்டி வாங்கப் பல ஆயிரம் டாலர் கொடுக்க மனம் வரவில்லை. 250 டாலருக்கு ஓடாத பழைய கப் கேடட் 122 தோட்ட டிராக்டர் ஒன்று கிடைத்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1965 முதல் 1967 வரை செய்த வண்டி அது. அதை எழுப்பி ஓட வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. கருவிகளைச் சேர்க்காமல் 1,300 டாலர் ஆனது. அதில் 165 டாலரும் இரண்டு மாதமும் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரியாததால் போனவை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் வண்டி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டே பழகியவர்கள் நாம். இங்கே பழைய வண்டிக்கு மெக்கானிக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவருடைய மணிக்கூலி வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் நீங்களே செய்தால்தான் கணக்கு கட்டும்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இன்று பெரிய கடைகளில் வாசலில் நிற்பவை பெரும்பாலும் புல் வெட்டும் வண்டிகள். மெல்லிய தகட்டுச் சட்டம், பின்னால் சிறிய கியர் பெட்டி. அவற்றில் கலப்பை மாட்ட முடியாது. பழைய தோட்ட டிராக்டர்கள் வேறு ரகம். கனமான சட்டம், வார்ப்பிரும்பால் ஆன பின் கியர் பெட்டி, உழவும் பனி தள்ளவும் தாங்கும் உடல். கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் 110, சிம்ப்ளிசிட்டி ஆகியவை அந்தக் காலத்தில் பெயர் வாங்கியவை.

முதல் வண்டிக்கு நான் கப் கேடட் கியர் வண்டியைத்தான் சொல்வேன். 122-இல் முன்னோக்கி மூன்று கியர், பின்னோக்கி ஒன்று. என்ஜினிலிருந்து பின் பெட்டிக்கு பெல்ட் கிடையாது, நேராக ஷாஃப்ட் போகிறது. அதே காலத்து 123 ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, அதாவது கியருக்குப் பதில் பம்ப் தள்ளும் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் பம்ப் கெட்டிருந்தால் புதிதாக வருபவர் கையில் அடங்காது. என்ஜின் கோலர் கே301. 12 குதிரைத் திறன், ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். இந்தக் குடும்பத்து என்ஜின்கள் லட்சக்கணக்கில் ஓடியவை என்பதால் சாமான் இன்றும் கிடைக்கிறது. முதல் வண்டிக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

2. வாங்கும் நாளில்

அக்டோபர், நவம்பரில் தேடுங்கள். குளிர்காலத்துக்கு முன் கராஜைக் காலி செய்பவர்கள் விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். அதே வண்டிக்கு ஏப்ரலில் 100 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். நான் பார்த்த ஓடாத வண்டிகள் 150-இலிருந்து 400 டாலருக்குள் இருந்தன.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. பிளக்கை மறுபடி மாட்டி, பின்னோக்கிச் சுற்றுங்கள். முன்னோக்கிச் சுற்றும்போது சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக வால்வு கொஞ்சம் திறந்து அழுத்தத்தை விட்டுவிடும் அமைப்பு இந்த என்ஜின்களில் உண்டு. அதனால் அழுத்தம் அளக்கும் மீட்டரை மாட்டினால் நல்ல என்ஜினும் செத்தது போலக் காட்டும். பின்னோக்கிச் சுற்றும்போது கை தடுக்கப்பட்டுத் திருப்பி உதைத்தால் பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேவலை.

அடுத்து ஆயில் குச்சி. பால் விட்ட காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டியரிங்கை இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கியர் எல்லாவற்றிலும் விழுகிறதா என்று பாருங்கள். புல் வெட்டும் டெக் (வண்டிக்கு அடியில் மாட்டும் பிளேடு பெட்டி), அதன் கப்பி, மாட்டும் கம்பிகள் எல்லாம் கூடவே வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். டெக்கைத் தனியாகத் தேடினால் வண்டி விலையே ஆகிவிடும்.

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். உடைந்த வார்ப்பிரும்பைக் கண்டு பயப்படுங்கள். பிளாக்கின் பக்கத்தில் ஓட்டையோ ஒட்டுப்போட்ட தடமோ இருந்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

வண்டி சுமார் 300 கிலோ எடை. வாடகை டிரெய்லர், சாய்பலகை, நான்கு இழுவைப் பட்டைகள் இல்லாமல் போகாதீர்கள். டிரெய்லருக்கும் பெட்ரோலுக்கும் எனக்கு 45 டாலர் ஆனது.

3. காகிதங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் தோட்ட டிராக்டருக்குக் காருக்கு இருப்பது போன்ற உரிமைப் பத்திரம் கிடையாது. அதனாலேயே விற்பனைச் சீட்டு ஒன்றை எழுதி வாங்குவது முக்கியம். ஒரு தாள் போதும். தேதி, விலை, இருவர் பெயரும் முகவரியும், வண்டியின் மாடல், சீரியல் எண், ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்ற வரி, இருவர் கையெழுத்து. நாளைக்கு யாராவது இது திருட்டு வண்டி என்றாலோ, நீங்களே விற்க நினைத்தாலோ கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான். சீரியல் எண் தகட்டை யாராவது பிடுங்கியிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

அன்றே இன்னொரு எண்ணையும் போட்டோ எடுங்கள். என்ஜின் மேல் உள்ள தகட்டில் மாடல் எண், ஸ்பெசிஃபிகேஷன் எண், சீரியல் எண் என்று மூன்று இருக்கும். சாமான் ஆர்டர் செய்யும்போது மூன்றையும் கொடுக்க வேண்டும். நான் வண்டி மாடலை மட்டும் பார்த்து ரிங் வாங்கி 35 டாலரை விட்டேன். அறுபது வருடத்தில் என்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம், சிலிண்டர் ஒருமுறை போரிங் ஆகியிருக்கலாம், அதாவது பெரிய அளவுக்குக் குடையப்பட்டிருக்கலாம். தகட்டையும் பார்த்து, சிலிண்டரையும் அளந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

மூன்று கையேடுகள் வேண்டும்: வண்டியின் இயக்கக் கையேடு, பாகங்களின் படப் புத்தகம், கோலர் கே வரிசை என்ஜினின் சர்வீஸ் கையேடு. கடைசியதன் எண் TP-2379. படப் புத்தகத்தை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் கையோடு போனைத் தொட முடியாது.

வீட்டுச் சங்கம் (HOA) உள்ள குடியிருப்பில் இருந்தால் அவர்கள் விதிகளை வாங்கும் முன்பே படியுங்கள். ஓடாத வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு.

4. இடமும் கருவியும்

இங்கே நம் ஆட்கள் முதலில் மாட்டுவது ஸ்பேனரில். ஊரில் நாம் பிடித்ததெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர். இந்த வண்டியில் எல்லாமே இன்ச். 1/2 இன்ச் போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் 1/2 இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். உட்காருவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டை அதை வைத்து அழுத்தினால் முனை மழுங்கி வட்டமாகிவிடும். அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆறுமுனை உள்ள இன்ச் சாக்கெட் செட் ஒன்று வாங்குங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), புல்லர் (இறுகிய கப்பியை இழுத்தெடுப்பது), ரிங் கம்ப்ரஸர் (பிஸ்டன் ரிங்கை அமுக்கிப் பிடிப்பது) போன்ற ஒருமுறைக் கருவிகளை வாங்காதீர்கள். ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டி எடுத்துப் போய், திருப்பிக் கொடுத்ததும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். எனக்குச் சொந்தக் கருவிகளுக்கு 160 டாலர் ஆனது. அது இனி எல்லா வேலைக்கும் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் டேங்கை வீட்டு அடித்தளத்துக்குள் கொண்டு போகவே கூடாது. அங்கேதான் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் அந்தச் சுடரைத் தொடும். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் வெளியிலேயே வடித்துக் காயவிட்ட பிறகுதான் என்ஜினை உள்ளே எடுங்கள். ஓடும் என்ஜினைக் கதவு திறந்த கராஜுக்குள்ளும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

5. கழற்றும் முன் ஓட வைத்துப் பாருங்கள்

வண்டி வந்த அன்றே முழுவதையும் பிரித்துப் போட ஆசை வரும். பிரிக்காதீர்கள். எது கெட்டிருக்கிறது என்று வண்டி சொல்வதைப் பிரிப்பதற்கு முன்தான் கேட்க முடியும்.

பழைய ஆயிலை வடித்து, எஸ்ஏஇ 30 ஆயில் ஊற்றுங்கள். கே301-க்கு இரண்டு குவார்ட் பிடிக்கும், ஏறக்குறைய 1.9 லிட்டர். வடித்த ஆயிலைப் பல உதிரிபாகக் கடைகளில் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்பார்க் வரவில்லை என்றால் என்ஜின் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியைத் திறங்கள். உள்ளே பாயிண்ட் இருக்கும், திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை அது. சும்மா நின்ற வண்டிகளில் பாதிக்கு நோய் இதுதான்: பாயிண்ட் முகத்தில் ஒரு மெல்லிய வெண்படலம். மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, சுத்தமான தாளை நடுவில் விட்டு ஒரு இழுப்பு. என் வண்டியை ‘என்ஜின் போய்விட்டது’ என்று சொல்லி விற்றார்கள். அந்தத் தாளை இழுத்த பத்தாவது நிமிடம் நீலப் பொறி வந்தது. ஃபிளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை என்பது இந்த என்ஜினின் நல்ல குணம்.

பொறி இருந்தால் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நீலப் புகை என்றால் ரிங் அல்லது அடைபட்ட பிரீதர் (என்ஜினின் உள்காற்று வெளியேறும் வழி). தட்தட் என்று அடியிலிருந்து தட்டினால் கனெக்டிங் ராட், உடனே நிறுத்துங்கள். கியர் போட்டு நான்கு அடி நகர்த்திப் பாருங்கள். கேட்டதையெல்லாம் எழுதி வையுங்கள்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தால் ஸ்டார்ட்டரை வைத்து வலுக்கட்டாயமாகச் சுற்றாதீர்கள். பிளக் துளையில் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி விட்டுவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றி, கையால் இருபக்கமும் லேசாக அசைத்து, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பெரும்பாலும் இளகிவிடும்.

6. கழற்றுதல்

ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே எழுதிய சீட்டு. பைக்கு வெளியே மார்க்கரில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு), வாஷர் எந்த வரிசையில் வந்ததோ அப்படியே கம்பியில் கோத்து வையுங்கள்.

என்ஜின் ஓட்டத்தை டெக்குக்குக் கொடுக்கும், முன்னால் உள்ள பிடிஓ (PTO) கிளட்ச்தான் பலருக்கும் பாடம் சொல்லும் இடம். அந்தக் கப்பியைக் கிராங்க் ஷாஃப்டோடு பிடித்து வைப்பவை மூன்று துளைகளில் உள்ள செட் ஸ்க்ரூக்கள். 1/8 இன்ச் ஆலன் சாவியால் மூன்றையும் கழற்றிவிட்டு, நான் புல்லரை மாட்டி இழுத்தேன். வரவில்லை. இன்னும் இறுக்கினேன். கப்பியின் வார்ப்பு விரிசல் விட்டது. ஒவ்வொரு துளையிலும் ஒன்றின் அடியில் இன்னொன்றாக இரண்டு ஸ்க்ரூ உண்டு. மொத்தம் ஆறு. மேலே இருப்பது கீழே இருப்பதை அசையாமல் பூட்டுவதற்கு. மேல் ஸ்க்ரூவை எடுத்ததும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், எண்ணெய்ச் சேற்றுக்கு அடியில் இன்னொரு அறுகோணக் குழி தெரியும். அதை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆலன் சாவி அடிவரை இறங்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். இது தெரியாததற்கு நான் கொடுத்த விலை 80 டாலர், பழைய கப்பி ஒன்று தபாலில் வரும்வரை மூன்று வாரம்.

விடாத போல்ட்டுக்கு மூன்று மருந்து: எண்ணெய், சூடு, பொறுமை. மாலையில் எண்ணெய் விடுங்கள், மறுநாள் தீச்சுடர் விடும் கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கி, ஆறும்போது ஒருமுறை இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் அசைத்துவிட்டுக் கழற்றுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடோ வெல்டிங்கோ வைக்காதீர்கள். குளோரின் கலந்த ரகமாக இருந்தால் நச்சு வாயு உண்டாகும்.

பழைய கிளட்ச், பிரேக் தகடுகளிலும் கேஸ்கெட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

7. என்ஜின்

பணமும் கவனமும் அதிகம் போக வேண்டிய இடம் இது.

மேல் மூடித் தகடுகளைக் கழற்றியதும் சிலிண்டர் துடுப்புகளைப் பாருங்கள். என் வண்டியில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லும் எலிக்கூடும் துடுப்புகளுக்கு இடையில் அடைந்திருந்தன. காற்றால் குளிரும் என்ஜினுக்கு அது மூச்சு அடைப்பு. பல என்ஜின்கள் சூடேறிச் செத்தது இதனால்தான். தகடுகளை மாட்டாமல் ‘சும்மா கொஞ்சம் நேரம்’ ஓட்டுவதும் தப்பு, காற்றைத் துடுப்புகளுக்குத் திருப்புவதே அந்தத் தகடுகள்தான்.

அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். கே301-இன் சிலிண்டர் விட்டம் புதிதில் 3.375 இன்ச், ராட் மாட்டும் கிராங்க் பின் 1.500 இன்ச். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அளவுக் கருவி இல்லையென்றால் என்ஜின் லேத் வேலை செய்யும் கடைக்கே எடுத்துப் போங்கள். நான் போன இடத்தில் அளப்பதற்குக் காசு வாங்கவில்லை. தேய்ந்திருந்தால் 0.010, 0.020, 0.030 இன்ச் என்று பெரிய அளவு பிஸ்டன்கள் கிடைக்கின்றன. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங் கொடுக்க வேண்டும். அவர்கள் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுக் குடைவார்கள். எனக்குப் போரிங் 90 டாலர், பிஸ்டனும் ரிங்கும் கனெக்டிங் ராடும் சேர்ந்து 140 டாலர்.

இந்தக் கடைகளுக்கு ஏப்ரலில் போனால் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். ஜனவரியில் போனேன், எட்டு நாளில் முடிந்தது.

கனெக்டிங் ராட் அலுமினியம். ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் உள்ள கரண்டி போன்ற நுனி ஆயிலை வாரி இறைப்பதுதான் உயவு. மாட்டும்போது ராடிலும் அதன் தொப்பியிலும் உள்ள குறிகள் ஒரே பக்கம் சேர வேண்டும். போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். ‘கை அளவு’ இங்கே வேண்டவே வேண்டாம்.

வால்வுகளைத் தேய்ப்பு மாவு வைத்து உட்கார வைத்த பின், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வுக்கும் அதைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி பாருங்கள். இன்டேக் 0.008 முதல் 0.010 இன்ச், எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.019 இன்ச். சிலிண்டரின் தலைமூடி (ஹெட்) வளைவது இந்த என்ஜினில் சகஜம். தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, தலைமூடியை எட்டு வடிவத்தில் தேயுங்கள். பத்துத் தேய்ப்பில் பளபளக்கும் இடமும் மங்கிய இடமும் தெரிந்துவிடும். முகம் முழுதும் ஒரே நிறமானதும் நிறுத்திவிட்டு, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

8. பொறி, பெட்ரோல், மின்சாரம்

பாயிண்ட் இடைவெளி 0.020 இன்ச், பிளக் 0.035 இன்ச். ஃபிளைவீலில் உள்ள ‘எஸ்’ குறி பார்வைத் துளையில் வரும் நொடியில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஒரு சின்ன டெஸ்ட் பல்பை மாட்டிப் பார்த்தால் அந்த நொடி தெளிவாகத் தெரியும்.

கார்புரேட்டரைப் பிரித்து, 25 டாலர் கிட் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்தால் போதும். மேலே உள்ள மெயின் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை விட்டு 2 சுற்று வெளியே, ஐடில் ஸ்க்ரூவை 1¼ சுற்று வெளியே. இது ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும், சூடான பிறகு காது கேட்டுத் திருத்த வேண்டும். இங்கே பம்பில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் உண்டு. பழைய ரப்பர் ஹோஸை அது கரைத்துவிடும். ஹோஸ்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொட்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். உச்சம் நிமிடத்துக்கு 3,600 சுற்று. அதைத் தாண்டினால் அலுமினிய ராட் தாங்காது.

ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே டப்பாவில் இருக்கும், பெல்ட்டில் சுற்றும். பிரஷும் பேரிங்கும் மாற்ற 35 டாலருக்குள் முடிந்தது. வோல்டேஜ் ரெகுலேட்டருக்கு நல்ல எர்த் வேண்டும். பெயிண்ட் அடித்த தகட்டின் மேலேயே அதை மாட்டிவிட்டு ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று தேடுபவர்கள் நிறைய. அடியில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டியபின், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் ஒரே நொடி தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் துருவம் சரியாக உட்காரும்.

9. கிளட்ச், பின் பெட்டி, ஸ்டியரிங்

ஷாஃப்டின் இணைப்புகளில் உள்ள சுருள் பின்கள் தேய்ந்து, துளை முட்டை வடிவமாகியிருக்கும். பின்னை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி ஆடும். துளை விரிந்திருந்தால் இணைப்பையும் மாற்றுங்கள். கிளட்ச் தகடு, த்ரோ அவுட் பேரிங், பின்கள் எல்லாம் சேர்த்து 75 டாலர்.

பின் பெட்டியில் உடைந்த பல் இல்லை, சத்தம் இல்லை என்றால் திறக்காதீர்கள். வடித்து, ஹைட்ரான் (Hy-Tran) என்ற பெயரில் விற்கும் ஆயில் ஊற்றுங்கள். கியர் வண்டிக்குச் சுமார் 7 பைண்ட், அதாவது 3.3 லிட்டர் பிடிக்கும். வடிந்தது வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அரை மணி ஓட்டிவிட்டு இன்னொருமுறை மாற்றிவிடுங்கள். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு முதலில் கிரீஸ், பிறகு பெட்டியின் சரிசெய்யும் போல்ட். பெரும்பாலும் அதற்குள் சரியாகிவிடும்.

10. துருவும் பெயிண்ட்டும்

முழுதும் ஓடிச் சரியான பிறகுதான் பெயிண்ட். நான் முதலில் அடித்தேன். கார்புரேட்டர் சொட்டிய பெட்ரோல் புது மஞ்சளைத் தோலாக உரித்துப் போட்டது. 50 டாலர் போயிற்று.

சிறிய இரும்புச் சாமானின் துருவை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மாட்டி நீக்கலாம். சாமானில் நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டில் பாசிட்டிவ். வெளியில் வைத்துச் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். பாசிட்டிவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், தண்ணீர் நச்சாகிவிடும். அலுமினியத்தை இதில் போட்டால் அரித்துத் தின்றுவிடும்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 1978-இல்தான் தடையானது. அதற்கு முந்தைய வண்டி என்றால் உலர் தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், அந்தத் துணியோடு பிள்ளைகளைத் தூக்காதீர்கள். பெயிண்ட் கடினமாக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் செய்பவர் ஹார்ட்னர் இல்லாத எனாமலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல், மழை இல்லாத மே மாதத்து இரண்டு நாள் போதும்.

11. செலவும் காலமும்

மேலே சொன்னவை போக எனக்கு ஆனவை: கேஸ்கெட், ஆயில் சீல் 45 டாலர். பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் 60. பேட்டரி 50. வயர், ரெகுலேட்டர் 55. முன் டயர் இரண்டு 90. பின் பெட்டி ஆயில் 30. பெயிண்ட் இருமுறைக்கும் 110. எண்ணெய், கிளீனர், உப்புத்தாள் என்று சில்லறையாக 90. இந்தச் சில்லறையை யாரும் கணக்கில் வைப்பதில்லை, கடைசியில் டயர் விலை ஆகிவிடுகிறது. பின் டயர்கள் தப்பித்தன. அவையும் போயிருந்தால் இன்னும் 200 டாலராவது சேரும்.

நான் நவம்பரில் வாங்கினேன், ஜூலையில்தான் புல் வெட்டினேன். வரிசை தெரிந்தவர் வார இறுதிகளில் மட்டும் செய்தாலும் மே மாதத்தில் முடித்துவிடலாம். டிசம்பரில் கழற்றல், ஜனவரியில் லேத் கடை, பிப்ரவரியில் என்ஜின் சேர்ப்பு, மார்ச்சில் கிளட்சும் ஸ்டியரிங்கும், ஏப்ரலில் ஓட்டம், மே மாதத்தில் பெயிண்ட். கிடைக்காத சாமானுக்குப் பழைய இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போங்கள். எங்கள் பக்கம் கின்சர்ஸ் ஊரில் ஆகஸ்டில் நடக்கும் த்ரெஷர்மென்ஸ் ரீயூனியன் பெரியது. பாகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கடை விரித்திருக்கும் பெரியவர்கள் எண்ணைச் சொன்னாலே கை நீட்டி எடுத்துத் தருவார்கள்.

12. முதல் ஐந்து மணி நேரம்

புது ரிங் போட்ட என்ஜினைச் சும்மா ஐடிலில் விட்டு வைக்காதீர்கள். சூடானதும் லேசான வேலை கொடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். ஐந்து மணி நேரம் ஆனதும் ஆயிலை மாற்றுங்கள். வடிவதில் வெள்ளித்தூள் மினுமினுக்கும், முதல் முறை அது இயல்பு. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு தலைமூடி போல்ட்டுகளை அதே வரிசையில் மறுபடி டார்க் பாருங்கள். எனக்கு இரண்டு போல்ட் கால் சுற்று இளகியிருந்தன.

ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் குறைந்த நிலையில் சரிவில் ஏறினால் ராடின் நுனிக்கு ஆயில் எட்டாது, சில நிமிடத்தில் ராட் போய்விடும். மேட்டில் குறுக்காக ஓட்டாமல் ஏறி இறங்கி ஓட்டுங்கள், இந்தக் காலத்து வண்டிகளுக்குக் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது. அக்டோபரில் கடைசியாகப் புல் வெட்டியதும் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். மூடித் தகடுகளுக்குள் எலி போகாமல் இரும்புப் பஞ்சு அடைத்து, அடைத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். ஏப்ரலில் அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது.